ஆட்டத்துக்குள் நின்ற தென்னை

அத்தியாயம் 7

தங்கப்பன் மறுபடியும் செத்துப்போனார்.

கம்ப்யூட்டர் திரையில் அவருடைய ராஜகுமாரன் கோட்டைச் சுவரிலிருந்து தலைகீழாக விழுந்து நேரே முதலையின் வாய்க்குள் போனான். தொப்பி மட்டும் தண்ணீரில் மிதந்தது.

"இவனுக்கு எனக்க மருமகனுக்க புத்தியாக்கும், மேடம். தாவுன்னா நிப்பான். நில்லுன்னா தாவுவான்."

"விரலை எடுங்கண்ணா. பாவம், அவனாவது பிழைக்கட்டும்" என்றாள் பிரேமகுமாரி.

நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் பின்சந்தில், போன வருஷம்வரை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்து இப்போது கம்ப்யூட்டர் சென்டர் ஆகிவிட்ட கடை அது. அதன் மாடியில்தான் பிரேமகுமாரியின் துப்பறியும் அலுவலகம். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவள், மேலே இருந்தவர் சொன்ன ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட மனமில்லாமல் தொப்பியை மேஜைமேல் கழற்றி வைத்துவிட்டு வந்தவள். தங்கப்பனுக்கு அவ்வளவு பெரிய கதை கிடையாது. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். ஒரு நாள் முதலாளியின் மைத்துனனிடம் டிக்கெட் கேட்டார். அவ்வளவுதான்.

இருவரும் தேடிக்கொண்டிருந்தது எபின் என்பவனை.

பாறசாலையில் ரயில் பாதையை ஒட்டிய மேட்டில், ஒரு பழைய தறிக்கூடத்தில் 'ரூபமாலா கேம்ஸ்' இருந்தது. லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்து கொடுக்கும் இடம். முதலாளி சோமன். ஊரில் அவருக்குத் தெய்வத்துக்கு அடுத்த மரியாதை; படித்துவிட்டு வெட்டியாக நின்ற பிள்ளைகளுக்குச் சொந்த ஊரிலேயே ஜோலி கொடுத்தவராயிற்றே. ஆனால் ஓணத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளைகளே வேலையை நிறுத்திச் சமரத்துக்கு இறங்கினார்கள். ஞாயிறு லீவு வேண்டும், வேலை முடிகிற வரைக்கும் வெளிக்கதவைப் பூட்டி வைக்கக் கூடாது. கேட்டது அவ்வளவுதான். முன்னால் நின்றவன் எபின். கம்பெனியின் மிகச் சிறந்த படக்காரன். ஆட்டத்தில் வரும் கோட்டை, காடு, முதலை எல்லாம் அவன் கை வண்ணம்.

சமரம் சூடுபிடித்த நேரத்தில் எபினைக் காணவில்லை. ஆட்டத்தின் மூலப் புரோகிராமைத் திருடிக்கொண்டு பெங்களூருக்கு ஓடிவிட்டான் என்றார் சோமன். தலைவனே கள்ளன் என்றானதும் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். கள்ளனைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பிரேமகுமாரியிடம் ஒப்படைத்தார் சோமன். பெங்களூரில் அலைந்துவிட்டு இருவரும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். இன்று காலை கம்பெனிக்குப் போனபோது சோமன் புது டிஸ்க் ஒன்றைக் கொடுத்தார். "திருட்டுப் பிரதி எங்கயாவது வெளிய வந்தா ஒங்களுக்கு அடையாளம் தெரியணும்லா?"

அந்த டிஸ்க்தான் இப்போது ஓடிக்கொண்டிருந்தது.

செத்த ராஜகுமாரன் உயிர்த்தெழுந்து, கோபுரத்தின் உச்சி அறையில் போய் நின்றான். அறையில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அரண்மனைத் தோட்டம், நீல மலை, மேகம்.

"நிறுத்துங்க. அப்படியே நிறுத்துங்க."

பிரேமகுமாரி குனிந்து திரையின் மூலையைத் தொட்டாள். அங்கே ஒரு தென்னை நின்றது. தலையில்லாத தென்னை. கருகிப்போன மண்டையில் ஒரு குழி, குழியில் மழைத்தண்ணீர். ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு ஒரு காக்கை அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

"லண்டன்காரனுக்க கோட்டையில தென்னைக்கு என்ன ஜோலி?" என்றார் தங்கப்பன். "இளநி வெட்டவா?"

"இந்தத் தென்னையை எங்க பார்த்தோம்?"

தங்கப்பனுக்குச் சட்டென்று பிடிபட்டது. "கம்பெனிக்குப் பின்னால, ரயில் பள்ளத்துல! ஓணம் கழிஞ்சு வந்த துலாமாசத்து இடியில மண்டை போச்சு. அன்னைக்குப் பாறசாலை முழுக்க கரண்டு இல்ல. எனக்க அக்கா வீட்டு டீவி புகைஞ்சு, அத்தான் அதுக்குக் கருமாதி கழிக்காத குறை."

"எபின் போனது?"

"சிங்ஙத்துல. ஓணத்துக்கு முந்தி."

சொல்லி முடித்தபின்தான், தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. ஓணத்துக்கு முன்னால் போனவன், அதற்குப் பிறகு விழுந்த இடியை எப்படி வரைந்தான்?

"வேற யாராவது வரைஞ்சிருப்பாங்க, மேடம்" என்றார், அப்படியே இருந்துவிடட்டும் என்ற ஆசையோடு.

"வரைஞ்சிருக்கலாம். ஆனா அண்ணா, தரையில நிக்கிறவனுக்குத் தென்னை மண்டைக்குழியில கெடக்கிற தண்ணி தெரியுமா?"

தெரியாது. அண்ணாந்து பார்க்கிறவனுக்குக் கருகிய கட்டை மட்டும்தான் தெரியும். மேலே இருந்து கீழே பார்க்கிறவனுக்குத்தான் குழியும் தண்ணீரும்.

"அந்தக் கட்டடத்துல ஓட்டுக்கூரைக்குக் கீழ ஒரு மச்சு உண்டு" என்றார் தங்கப்பன் மெதுவாக. "இன்னைக்குக் காலத்த நான் ஏறப் போனப்ப சோமன் சார் விடல்ல. ஜெனரேட்டர் பேட்டரி, ஆசிட்டு, ஆபத்துன்னாரு."

"ஆபத்துன்னு சொன்னது மட்டும் உண்மை."

"நில்லுங்க மேடம். அவரே ஆளை ஒளிச்சு வச்சுக்கிட்டு, அவரே நம்மள தேடச் சொல்லுவாரா?"

"லண்டன் கம்பெனிக்கு ஒரு சட்டம் உண்டு. தொழிலாளி தகராறு உள்ள இடத்துல வேலை கொடுக்க மாட்டாங்க. அங்க உள்ள பத்திரிகைக்காரனுக்குப் பயந்து எழுதி வச்ச சட்டம். சமரம்னு தெரிஞ்சா கான்ட்ராக்ட் போச்சு. திருட்டுன்னா? ஐயோ பாவம்னு சொல்லுவாங்க. துப்பறியிற ஆளை வச்சுத் தேடுறேன்னு சொல்லிட்டா சந்தேகமே வராது." பிரேமகுமாரி கம்ப்யூட்டரை அணைத்தாள். "நம்மளைக் கூப்பிட்டது எபினைக் கண்டுபிடிக்க இல்ல அண்ணா. அவன் காணாம போயிட்டான்னு சாட்சி சொல்ல."

தங்கப்பனுக்குப் பயம் வந்தால் நாக்கு நீளும். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து பாறசாலை போய்ச் சேரும்வரை அவர் வாய் ஓயவில்லை. வழியெல்லாம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது.

கம்பெனிக்கு எதிரே இருந்த சாயாக்கடையில், மாலைச் சாயாவுக்கு வந்த கம்பெனிப் பிள்ளைகள் குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள் ரெஜிலா. அவளும் படம் வரைகிறவள்தான். எபினுக்குப் பேசி வைத்திருந்த பெண். சமரத்தை விட்டு முதலில் வேலைக்குத் திரும்பியவளும் அவளே. அதனால் அவளோடு யாரும் பேசுவதில்லை என்பதைக் காலையிலேயே தங்கப்பன் கவனித்திருந்தார்.

பிரேமகுமாரி, கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்த பிரிண்டை அவள் முன்னால் வைத்தாள். புள்ளிபுள்ளியாக, கறுப்பு வெள்ளையில், தென்னையும் காக்கையும்.

"இது யாரு வரைஞ்சது, மக்கா?"

ரெஜிலா பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "எபின். அவன் காக்கா வரைஞ்சா ஒத்தக்காலு தூக்கிட்டுத்தான் நிக்கும். ரெண்டு காலும் வரைய மடி, அவ்வளவு சோம்பேறியாக்கும்." பிறகு அவள் கண் தென்னையின் மண்டைக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா... இந்தத் தென்ன..."

"ஆமா."

கிளாஸ் சாய்ந்து சாயா பெஞ்சில் ஓடியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"பின்பக்கம் இரும்புப் படி உண்டு" என்றாள். "நானும் வாறேன்."

வாசலில் காவல்காரர் அவர்களுக்கு சல்யூட் அடித்தார். முதலாளி அமர்த்திய துப்பறிவாளர்கள் ஆயிற்றே! "சார் திருவந்தரம் போயிருக்காரு. இப்ப வந்துருவாரு. நீங்க எங்க வேணாலும் பாக்கலாம்னு சொல்லியிருக்காருல்லா, பாருங்க."

"மனுஷன் தங்கம்" என்றார் தங்கப்பன். "உரசிப் பாக்கத்தான் ஆளு வரல்ல."

துருப்பிடித்த படி ஒவ்வொரு அடிக்கும் முனகியது. கீழே கூடத்திலிருந்து விசைப்பலகைகள் ஓயாமல் தட்டப்படும் சத்தம் ஓட்டில் மழை பெய்வதுபோல் வந்தது. மேலே ஒரு பலகைக் கதவு. வெளியே பூட்டு இல்லை. கொண்டிகூட இல்லை.

பிரேமகுமாரி தட்டினாள்.

"சாயாவா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

ரெஜிலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாயாதான்" என்றார் தங்கப்பன். அவருக்கே அவர் குரல் அடையாளம் தெரியவில்லை.

உள்ளே தாழ் விலகியது. கதவைத் திறந்தவனுக்கு இருபத்தெட்டு வயது என்று சோமன் சொல்லியிருந்தார். நாற்பது சொல்லலாம். தாடி மண்டி, வெளிச்சத்தைப் பார்த்ததும் கண் சுருங்கி, தோள் இரண்டும் முன்னால் மடிந்துபோன ஓர் உருவம். வலது கை விரல்கள் எதையோ பிடித்தமாதிரி வளைந்தே இருந்தன. அவனுக்குப் பின்னால் ஒரு பாய், ஒரு கம்ப்யூட்டர், ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே, பள்ளத்தில், மண்டை கருகிய தென்னை.

எபின் பிரேமகுமாரியைப் பார்த்தான். தங்கப்பனைப் பார்த்தான். அவர்களுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போனான். தங்கப்பன் காலை வைத்துத் தடுத்தார்.

"நீ எதுக்கு வந்த?" என்றான் எபின். "போ ரெஜிலா. அவரு கண்டாருன்னா ஒன்னைப் பிடிச்சுக் குடுத்துருவாரு."

"யாரும் உன்னைப் பூட்டி வைக்கலியே" என்றாள் பிரேமகுமாரி. "தாழ் உள்பக்கம் இருக்கு."

"நானாத்தான் இருக்கேன்."

"எதுக்கு?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ரெஜிலா ஆட்டத்தைத் திருடி வித்துட்டான்னு போலீஸுல சொல்லுவேன்னாரு. அவ மேஜையில டிஸ்க் இருந்துதுன்னு சாட்சி சொல்ல ஆளு உண்டுன்னாரு. நான் ஓடிப்போன மாதிரி இங்க இருந்து, கடைசி கட்டத்தை முடிச்சுக் குடுத்தா, அவளுக்க பேரு வராதுன்னாரு. கள்ளன்னு எனக்குப் பேரு வந்தா வரட்டும். அவளுக்கு ஜெயிலு இல்லியே."

ரெஜிலாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று தங்கப்பனுக்குத் தெரியவில்லை.

"எனக்கிட்ட ஒனக்க பேராக்கும் சொன்னது" என்றாள்.

எபின் நிமிர்ந்தான்.

"பெங்களூருல நீ இருக்கிற எடம் அவருக்குத் தெரியுமாம். நான் சமரத்த விட்டு உள்ள வந்தா போலீஸை அனுப்ப மாட்டாராம். 'மோளே, பேடிக்கண்டா, நான் உண்டு'ன்னு, பயப்படாதேன்னு, தலையில கை வச்சுச் சொன்னாரு. எல்லாரும் என்னைக் காறித் துப்பினாவ. நீயாவது தப்பிச்சியேன்னு வாய மூடிட்டு, தெனமும் கீழ இருந்து ஜோலி செய்யுதேன், எபின். நீ எனக்க தலைக்கு மேல இருந்திருக்க."

தங்கப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் எத்தனையோ ஜேப்படிக்காரர்களைப் பார்த்திருக்கிறார். ஒருத்தியின் பயத்தை எடுத்து ஒருத்தனுக்கும், அவன் பயத்தை எடுத்து அவளுக்கும் விற்கிற கை இதுதான் முதல்.

"தென்னையை வரைஞ்சியே" என்றாள் பிரேமகுமாரி. "வெளியே யாராவது கண்டுபிடிப்பாங்கன்னா?"

எபின் புரியாமல் பார்த்தான். "இல்ல அக்கா. ஜன்னல்ல வேற ஒண்ணும் தெரியல்ல. அதான் வரைஞ்சேன்."

கீழே கார் ஒன்று உறுமிக்கொண்டு வாசலுக்குள் திரும்பியது.

"அம்மா எப்படி இருக்காவ?" என்று எபின் ரெஜிலாவிடம் கேட்டான்.

"கள்ளனுக்க அம்மான்னு சர்ச்சுல கடைசி வரிசையில இருக்காவ. வந்து நீயே பாரு."

அவள் அவனுடைய வளைந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். வந்த வழியே ஒளிந்து போகாமல், மச்சின் உள்படி வழியாக நேரே கூடத்துக்கு இறங்கினார்கள்.

நீளமான கூடம். திரைகளில் வெளிச்சம் விழக் கூடாது என்று ஜன்னல்களில் எல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. வரிசையாக மானிட்டர்கள், வரிசையாக நீல முகங்கள். எபினைக் கண்டதும் தட்டுகிற சத்தம் ஒவ்வொரு மேஜையாக அவிந்தது. யாரும் எழவில்லை. யாரும் அவன் பேரைச் சொல்லவில்லை.

படிக்கட்டின் அடியில் சோமன் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். ஒரு விநாடி அவர் முகம் வெறுமையாக இருந்தது. அடுத்த விநாடி மலர்ந்தது.

"சபாஷ்! கள்ளனைப் பிடிச்சாச்சு! மிச்சத்தையும் திருட மச்சுல ஏறியிருக்கான், இல்லியா மேடம்? நான் அமர்த்தின ஆளுக, எனக்க கட்டடத்துல வச்சுப் பிடிச்சிருக்கீங்க. இதைவிட நல்ல சாட்சி எங்க கிடைக்கும்?" அவர் கூடத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். ஆனால் இனிமை குறையவில்லை. "மக்களே, பாத்தியளா? ஒங்களுக்க தலைவன். போலீஸுக்குப் போன் பண்ணப் போறேன். யாருக்காவது இவனோட கூட்டு உண்டுன்னா இப்பவே சொல்லிருங்க."

பிரேமகுமாரி ஒரு படி கீழே இறங்கினாள். "மச்சுல பாயும் சாப்பாட்டுத் தட்டும் இருக்கு, சோமன் சார். திருட வாற கள்ளன் பாய் கொண்டு வருவானா?"

"நீங்க எனக்க சம்பளத்துல இருக்கீங்க."

"காலை வரைக்கும்."

சோமன் சிரித்தார். "உங்க பேச்சை யாரு கேப்பா? இவங்க கேப்பாங்களா?" அவர் கை கூடத்தைச் சுற்றிக் காட்டியது. ஒரு தலைகூட நிமிரவில்லை. நிமிராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்போது ரெஜிலா பேசினாள். சத்தமாகக்கூட இல்லை.

"நான் ஒங்களை விட்டுட்டு உள்ள வந்தது எதுக்குன்னு யாரும் கேக்கல்ல. எபினைப் பிடிச்சுக் குடுப்பேன்னு இவரு சொன்னாரு. எபின்கிட்ட எனக்க பேரைச் சொல்லியிருக்காரு. எங்களை வச்சு எங்களையே கட்டிப்போட்டாரு. அவ்வளவுதான்."

சோமன் பக்கத்து மேஜையில் இருந்த போனை எடுத்து எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தார்.

ரயில் பள்ளத்துக்கு மேலே வானம் வெடித்தது. ஓடுகள் அதிர்ந்தன. திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அவிந்து, கூடம் குகையைப்போல் இருண்டது. தங்கப்பனுக்குத் தன் கையே தெரியவில்லை.

அந்த இருட்டில், மூன்றாவது வரிசையிலோ நாலாவது வரிசையிலோ, ஒரு பெண்குரல் கேட்டது.

"எனக்கிட்ட அனிலுக்க பேராக்கும் சொன்னது."

"யாரு?" என்றார் சோமன்.

"எனக்கிட்ட சுமிக்க பேரு." இது ஆண்குரல். தன் காதையே நம்ப முடியாதவன்போலச் சொன்னான்.

"யாரு பேசுதது?"

"எனக்கிட்ட எனக்க தங்கச்சிக்க பேரு" என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல். "அவ இங்க ஜோலிக்குக்கூட வந்ததில்ல."

"எனக்கிட்ட ஜிஜினுக்க பேரு."

"ஐயோ, எனக்கிட்ட ஒனக்க பேருல்லா சொன்னாரு!"

குரல்கள் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று எழுந்தன. சில நடுங்கின. சில அழுதன. ஒன்று சிரித்தது. சோமன் இருட்டில் எதன்மீதோ முட்டிக்கொண்டார். போன் கீழே விழுந்து உருண்டது. முதல்முறையாக அவர் குரலில் இருந்த தேன் எல்லாம் வடிந்துபோயிற்று.

"எலே, யாருலே அது? பேரைச் சொல்லுங்கலே! பேரைச் சொல்லிட்டுப் பேசுங்கலே!"

யாரும் பேரைச் சொல்லவில்லை. பதிலுக்கு நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு எங்கே எது என்று பிரிக்க முடியாதபடி கூடம் முழுக்க.

தங்கப்பன் சுவரைத் தடவிக்கொண்டே போய் வாசல் கதவைக் கண்டுபிடித்தார். கனமான தாழ்ப்பாள். இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தார். மழையின் சாம்பல் வெளிச்சம் உள்ளே விழுந்தது.

எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். சோமன் அவர்கள் முகங்களில் ஒவ்வொன்றாக எதையோ தேடினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. இருட்டில் முதலில் பேசிய சுமி, அனிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்காகவா?" என்று அனில் கேட்டான்.